கோதண்டம் கொடுக்காத பந்து

கோதண்டம் அண்ணன் போய்விட்ட செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. எங்கள் நிலக்கரிச் சுரங்கத்தின் பழைய வாலிபால் டீம் குழுவில், மாலை போட்ட அவர் படத்தைப் பரமசிவம் போட்டிருந்தான். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பத்தாவது கும்பிடு விழுவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. "மைன்ஸில் அவர் மாதிரி ஒரு செட்டர் இனி வரப்போவதில்லை" என்று ஒருவர் எழுத, "அப்போ அந்த ஃபைனலை விட்டது யாராம்?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அண்ணனை அப்போது இன்னும் எடுக்கக்கூட இல்லை.

நான் எதுவும் எழுதவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நான்தான் என்று குழுவிலுள்ள நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். வாலிபாலில் செட்டர் என்பவர் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்தானே. அடித்துப் பேர் வாங்குகிறவன் வேறொருவன். பத்து வருஷம் அவர் தூக்கிக் கொடுத்தார், நான் அடித்துப் பேர் வாங்கினேன். அதனாலேயே தீர்ப்புச் சொல்வது எனக்குச் சுலபமில்லை.

அவருக்கு கன்வேயர் பெல்ட் ஒட்டும் வேலை. விரல் ஒவ்வொன்றும் காய்த்துப்போய்த் தடித்திருக்கும். அந்தக் கைக்கு வந்த பந்து சத்தமே இல்லாமல் கிளம்பிப் போகும். ஆனால் மனுஷனுக்குக் குதிக்க வராது. சர்வீஸ் போட்டால் இரண்டுக்கு ஒன்று வலையில். "நல்ல அடிக்காரன் கெடச்சா எவன் தூக்கிக் குடுத்தாலும் பாயிண்ட்தான். உன்னாலதாண்டா அவருக்குப் பேரு" என்று பரமசிவம் டீக்கடையில் சொல்லும்போதெல்லாம் நான் மறுத்ததில்லை. கேட்க இனிப்பாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோர்ட்டில் அவர் பந்துகளுக்கு எங்கள் வேலை ஷிஃப்டுகளின் பெயர் வைத்திருந்தார். 'ஏ ஷிஃப்ட்' என்று கத்தினால் தாழ்வாக, உடனே அடிக்க வேண்டிய பந்து. 'சி ஷிஃப்ட்' என்றால் உயரமாக ஓரத்துக்கு வரும், காத்திருந்து அடிக்க வேண்டும். எதிர்த்து ஆடியவர்களும் அதே மைன்ஸ்காரர்கள்தானே, இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பெயரை மாற்றச் சொன்னோம். "தெரிஞ்சிகினு போவட்டும்டா, தடுக்க முடியுதான்னு பாக்கலாம்" என்றார். பல தடவை அவர்களால் தடுக்க முடியவில்லை. சில தடவை என் முகத்துக்கே பந்து திரும்பி வந்தது. அது கெட்டிக்காரத்தனமா வெறும் வீம்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவர் விடாமல் சொன்னது வேறொன்று. "வாயத் தொறந்து கேட்டுகினு வர்றவனுக்குத்தான் பந்து." அடிக்கப் போகிறவன் ஓடிவரும்போதே குரல் கொடுக்க வேண்டும். ஆனால் எத்தனையோ முறை நான் வாயே திறக்காமல் இருந்தும், என் காலைப் பார்த்தே பந்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். சொன்னது ஒன்று, செய்தது ஒன்று.

இனி அந்த ஃபைனல். மேட்ச் நாளில் லீவு வேண்டுமென்றால் அடுத்தவரிடம் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது அப்போதைய எங்கள் வழக்கம். நான் அப்படி வாங்கிய உதவிக்கெல்லாம் ஈடுகட்ட, முந்தின இரவு என் சி ஷிஃப்டையும் பார்த்து, விடிந்ததும் இன்னொருவரின் ஏ ஷிஃப்டையும் பார்த்துவிட்டு நேராக கிரவுண்டுக்கு வந்திருந்தேன். ஆட விடாமல் உட்கார்த்திவிடுவார்களோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னாடா, கண்ணு இப்பிடி செவந்து கெடக்குது? தூங்கினியா?" என்று அண்ணன் கேட்டார்.

"நல்லா தூங்கினேண்ணே" என்றேன்.

கடைசி செட். எதிரணிக்கு ஒரே ஒரு புள்ளி போதும். பந்து அண்ணன் தலைக்கு மேல் வந்தது. ஊரே என் பேரைச் சொல்லிக் கத்தியது. அவர் எனக்குக் கொடுக்கவில்லை. வடக்குத்து ஊர்க்காரன் அய்யனாருக்குக் கொடுத்தார். அந்த வருஷம்தான் டீமில் சேர்ந்த கான்ட்ராக்ட் ஆள் அவன். கோட்டுக்கு வெளியே அடித்தான். கப் போயிற்று.

"பெர்மனென்ட் ஆளு நிக்கிறான், கான்ட்ராக்ட்காரனுக்குப் போயி குடுத்தியே" என்று அண்ணனைச் சூழ்ந்துகொண்டு திட்டினார்கள். நான் அன்று சொன்னது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும்: "நான் கூப்பிட்டேன், அவர்தான் கொடுக்கல." அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். வலையைக் கழற்றிச் சுருட்டப் போய்விட்டார். அய்யனார் அதற்குப் பிறகு கிரவுண்டு பக்கமே வரவில்லை.

வடலூரில், மகள் வீட்டிலிருந்து அண்ணனை எடுத்த அன்று அவனைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பந்தலின் ஓரமாக அழைத்துப்போனான்.

"நாந்தாண்ணே கூப்ட்டேன், அவுரு குடுத்தாரு. வெளிய அடிச்சது நானு. அவரப் போயி ஏன் இன்னும் பேசிகினு இருக்காங்க?" என்றான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்களும் கூப்ட்டீங்களாமே? எனுக்குக் காதுல வுழலண்ணே" என்றான்.

"சத்தத்துல கேட்டிருக்காது அய்யனாரு" என்றேன்.

அண்ணனைக் கிடத்தியிருந்த பந்தலுக்குள் நின்றுகொண்டு மறுபடியும் அதையே சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கூப்பிடவில்லை. அந்தப் பந்து என்னிடம் வந்துவிடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டு நின்றேன். இரண்டு ஷிஃப்ட் பார்த்ததில் கால்கள் கல்லாக இருந்தன. அண்ணன் எனக்கு இரண்டடி தூரத்தில் நின்றார். நான் வாய் திறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். கேட்டவனுக்குக் கொடுப்பது என்ற தன் பேச்சைக் காப்பாற்றினாரா? என் கண்ணைப் பார்த்து என்னைக் காப்பாற்றினாரா? அல்லது வெறுமனே பதறித்தான் போனாரா? தெரியவில்லை. அவரிடம் கேட்டிருக்கலாம். அவர் மகள் வீட்டுக்குப் போகும்வரை இத்தனை வருஷம் அடுத்தடுத்த தெருவில்தான் இருந்தோம். கேட்டால் நானும் உண்மையைச் சொல்லியாக வேண்டுமே என்று கேட்காமலே இருந்துவிட்டேன்.

அவர் எப்படிப்பட்ட செட்டர் என்று என்னிடம் கேட்காதீர்கள். அவர் கொடுத்து நான் அடித்த பந்துகள் ஒன்றுகூட எனக்குத் தனியாக நினைவில் இல்லை. கொடுக்காத அந்த ஒன்றும், வலையைச் சுருட்டப் போகும் முன் பார்த்த அந்தப் பார்வையும்தான் என்னிடம் இருக்கின்றன. இதை அப்படியே குழுவில் போடப் போகிறேன். அய்யனார் அதில் இல்லை. அவன் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்வேன். அந்த ஃபைனலைப் பற்றி இனி யாருக்காவது சண்டை போட வேண்டுமென்றால், அண்ணனை விட்டுவிட்டு என்னிடம் வாருங்கள்.