ராகு எந்த ஊர் நேரம் பார்க்கும்

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே சாம்பசிவன் மகளிடம் கேட்டார். "ஜானவி, அடுத்த ஞாயித்துக்கிழமையா லண்டன்ல கடிகாரத்தைத் திருப்பி வைக்கறா?"

கரமனை அக்ரகாரத்து வீடு. சமையலறைத் தரையில் இருவருக்கும் நடுவே முறம். ஜானவி கைபேசியில் பார்த்தாள்.

"ஆமாம்ப்பா, குளிர்காலக் கணக்கு. ராத்திரி ரெண்டு மணி ஆனதும் மறுபடி ஒரு மணின்னு வைப்பா."

"அப்போ ஒன்றரை ரெண்டு தடவை வரும்."

"வரும்."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு சிரித்தார். "கேட்டியோ, ஒரு அபத்தம் பண்ணிட்டேன்."

கழக்கூட்டத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் அவருக்கு வேலை. வெளிநாட்டுக்காரர்களின் கணினிகளில் செய்யும் மாற்றங்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவர். ஊர்ப் பெயர் சேர்க்காமல் மணி சொல்ல மாட்டார். "நாளைக்கு" என்று யாராவது எழுதினால், "யாரோட நாளைக்கு?" என்று திருப்பி அனுப்புவார். மனைவிக்கு அனுப்பும் செய்தியிலும் "ஆறரைக்கு வரேன், கரமனை நேரம்" என்றுதான் இருக்கும். "வேற எந்த ஊர்ல உங்களுக்கு இன்னொரு ஆத்துக்காரி காத்திண்டிருக்கா?" என்பாள் விஜயலக்ஷ்மி.

ராகுகாலத்தில் எதையும் தொடங்கவும் மாட்டார். அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். வாடிக்கையாளரிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை.

அபத்தம் அங்கிருந்துதான் வந்தது. லண்டன் மருத்துவமனை ஒன்று இரண்டு நேரங்களைக் கொடுத்திருந்தது: சனி விடிகாலை ஐந்து, அல்லது ஞாயிறு பின்னிரவு ஒன்றரை. சனி ஐந்து என்பது இங்கே ஒன்பதரை, நல்ல ராகுகாலம். அவர் ஞாயிறைக் குறித்துவிட்டார். ஒன்றரை அடித்ததும் மருந்துப் பட்டியலை ஏற்றும் வேலை தானாகத் தொடங்கும். இரண்டு தடவை அடித்தால் இரண்டு தடவை ஓடும். நோயாளிகளுக்குக் கொடுக்க வேண்டிய மருந்து இரட்டிப்பாகப் பதிவாகும்.

"ராகுவை ஏமாத்தப் போய் இங்கிலீஷ்காரன்ட்ட மாட்டிண்டேளாக்கும்," என்றாள் ஜானவி. "சர்வர் இருக்கறது லண்டன்ல. அப்போ ராகுவும் லண்டன் உதயத்தைத்தானே பாக்கணும்?"

அவள் கேலியாகத்தான் கேட்டாள். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நல்ல கேள்வி. வாத்யாரைப் பாக்கறச்சே கேக்கணும். மொதல்ல நாளைக்கு ஆபீஸ்ல இதை மாத்தறேன்."

"யாரோட நாளைக்கு?"

"போடி."

மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆட்டோ மருத்துவமனையை எட்டும்போது உயிர் இல்லை.

வெள்ளிக்கிழமை, கூடத்தில் வாத்யார் மந்திரம் சொல்லச் சொல்ல சித்தப்பா எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜானவிக்கு அந்த ஒன்றரை மணி நினைவு வந்தது. அவளும் கணினி படித்தவள். இது தானாகச் சரியாகாது என்று தெரியும். கிணற்றடிக்குப் போய், அப்பாவுடன் வேலை பார்த்த பாறசாலைக்காரி ஸ்மிதாவை அழைத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றரையைப் பற்றிச் சொன்னாள்.

"அது சார் போட்ட நேரமில்லா அக்கா? சாருக்குத் தப்பாதுன்னு யாரும் திரும்பப் பாக்கல்ல."

"தப்பிடுத்து ஸ்மிதா. அவரேதான் கண்டுபிடிச்சார். மாத்தறதுக்குள்ள போயிட்டார்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "இனி பாக்கி உள்ளது நாளைக்கு ஒம்பதரைதான். ஆனா அக்கா, அது ராகுகாலமாக்கும். சாருக்க கடைசி வேலையில்லா."

ஜானவிக்கு ராகுவில் நம்பிக்கை கிடையாது. 'போட்டுடு' என்று சொல்ல வாயெடுத்தாள். அப்பா போட்டிருக்க மாட்டார். கைபேசியில் லண்டனின் சூரிய உதயத்தைத் தேடினாள்.

"அங்கே அப்போ விடிஞ்சே இருக்காது. உதயம் ஆகாம ஏது ராகு? சர்வர் இருக்கற ஊர்க் கணக்கு. தைரியமாப் போடு. ஊர்ப் பேரை விட்டுடாதே."

"விட்டா சார் திருப்பி அனுப்பிருவாரு," என்றாள் ஸ்மிதா.

சனிக்கிழமை பகலில் செய்தி வந்தது. 'ஒரு தடவைதான் ஓடிச்சு அக்கா. எல்லாம் சரி.'

அன்றைய காரியம் முடிந்து வாத்யார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஜானவி கைபேசியோடு நிற்பதைப் பார்த்தார்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வரேன். ஏதானும் கேக்கணுமாம்மா?"

அந்த ராகு கேள்வி அப்பா கேட்க வேண்டியது.

"ஒண்ணுமில்லை மாமா," என்றாள்.