இரண்டு விசிலுக்குப் பிறகும் நகராத பேருந்து

என் அக்கா புருஷன் ஒரு பேருந்து ஓட்டுநர். அதே பேருந்தில் நான் நடத்துநர். மாமன் மச்சினன் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் போட்டது யாருடைய யோசனை என்று இன்றுவரை தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவருக்கு என்மேல் ஏதோ பழைய கோபம் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் வண்டிக்குப் பயணிகள் வைத்த பெயர் பல்லக்கு. அதில் ஒரு டீச்சரம்மா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே வருவார், ஒரு கோடு பிசகாது. கண்ணுக்கு மை இட்டுக்கொண்டே வரும் பெண்களும் உண்டு. முன்னால் காலியாக வரும் வேறு வண்டியை விட்டுவிட்டு எங்கள் வண்டிக்காகக் காத்திருப்பார்கள். ஏறி உட்கார்ந்ததும், "இதுக்கு நடந்தே போயிருக்கலாம்" என்று அத்தானைத் திட்டுவார்கள். மறுநாளும் அதே ஆட்கள் அதே நேரத்துக்கு அங்கேயே நிற்பார்கள்.

அத்தானின் உயிர் வாசல் பக்கக் கண்ணாடியில் இருந்தது. காலையில் டெப்போவுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத் துடைப்பார். நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்பும் முன்னால் கண்ணாடியைப் பார்த்து, பின்வாசல் காலி என்று தெரிந்த பிறகு, "பிடிச்சாச்சா?" என்று ஒரு குரல் கொடுப்பார். "ஆச்சு, ஆச்சு, போங்கண்ணே" என்று பத்துப் பேர் சலித்துக்கொண்டால்தான் வண்டி நகரும். வீட்டிலும் அதே கதைதான். நாற்காலியைப் பின்னால் இழுப்பதற்குக்கூடத் திரும்பிப் பார்ப்பார். கல்யாணப் போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். "என்னைப் பாத்துத்தான் கல்யாணம் பண்ணாரா, இல்ல பின்னாடி யாராவது வராங்களான்னு பாத்தாரான்னு தெரியல" என்பாள் அக்கா.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். விசில் ஒன்று ஊதினால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு ஊதினால் கிளம்ப வேண்டும். பின்வாசலுக்கு நடத்துநர்தான் பொறுப்பு. விதி அப்படி. நான் இரண்டு விசில் கொடுத்த பிறகும் இந்த மனுஷன் நிதானமாகக் கண்ணாடியைப் பார்ப்பார். கூட்டம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். "கண்டக்டர் தம்பி, உன் விசிலுக்கு மரியாதை இல்லையே" என்று ஒருவர் விடாமல் ஆறு வருஷமாகக் கேட்டுவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மதியச் சாப்பாட்டில் வெடித்துவிட்டேன்.

"அத்தான், நான் விசில் கொடுத்தா நம்ப மாட்டீங்களா?"

"நம்பறேன் மாப்ள. ஆனா பாக்கறேன்."

"அதென்ன நம்பறேன், ஆனா பாக்கறேன்? நம்பினா எதுக்குப் பாக்கணும்?"

அக்கா கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "இதே உங்க தங்கச்சி புருஷன் விசில் ஊதியிருந்தா நம்பியிருப்பீங்கல்ல? என் தம்பின்னா மட்டும் உங்களுக்கு இளக்காரம்."

தங்கச்சி புருஷனுக்கும் விசிலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அத்தான், "சரி. இனிமே விசில் கேட்டா எடுத்துடறேன்" என்றார். எனக்கு இன்னும் ஒரு கவளம் கூடுதலாக இறங்கியது.

மூன்றாம் நாள் மார்க்கெட் நிறுத்தம். நான் முன்பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி உடனே கிளம்பியது. ஆறு வருஷத்தில் முதல் முறை. உண்மையைச் சொல்கிறேன், மனசு குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சி தீர்வதற்குள் பின்னால் அலறல் கேட்டது.

தையல்காரம்மா ஒருவர், தைத்த துணி மூட்டையோடு பின்வாசலில் இறங்க வந்து, கடைசிப் படியில் இருந்திருக்கிறார். மூட்டை கம்பியில் மாட்டி அவரைத் தாமதப்படுத்தியிருக்கிறது. வண்டி நகர்ந்ததும் தெருவில் விழுந்துவிட்டார். அத்தான் அடித்த பிரேக்கில் டீச்சரம்மாவின் தாள்கள் எல்லாம் பறந்தன. நான் குதித்து ஓடிப் பார்த்தபோது பின்சக்கரத்துக்கும் அந்த அம்மாவின் தலைக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

மணிக்கட்டு உடைந்திருந்தது. அவரை உள்ளே தூக்கி உட்கார வைத்து, வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கே விட்டோம். பயணிகள் ஒருவரும் இறங்கவில்லை. ஆபீசுக்கு நேரமாகிறது என்று தினம் கத்துகிறவர்தான் அந்த அம்மாவின் கையைத் தன் மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த அவசரத்திலும் அத்தான், "பிடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். வேகமும் கூட்டவில்லை. கடைசியில் தையல்காரம்மாவே, "அண்ணே, இன்னைக்காவது கொஞ்சம் மிதிங்களேன்" என்று அழுதார்.

நான்கு நாள் கழித்து டெப்போவில் விசாரணை. எப்படி விழுந்தேன் என்று நினைவில்லை என அந்த அம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே நான் சொல்வதுதான் கணக்கு. வாசல் காலியாக இருந்தது, வண்டி நகர்ந்த பிறகு அவராகத்தான் குதித்தார் என்று சொல்லத் தயாராக வந்திருந்தேன். இல்லாவிட்டால் வேலை போய்விடும். பயம் அத்தானை நினைத்துத்தான். பொய் சொல்வது அவருக்குக் கைவராத வித்தை. ஒருமுறை கல்யாணத்துக்குப் போக, வயிற்றுவலி என்று லீவு எழுதச் சொன்னேன். "வயிற்றுவலி இல்லை, மச்சினன் எழுதச் சொன்னான்" என்று எழுதிக் கொடுத்த ஆள் அவர்.

முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். மானேஜர் அறைக்குப் பாதிக் கதவுதான். வெளியே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"விசில் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார். ரெண்டு."

"அப்புறம் என்ன? உங்க மேல தப்பில்லையே."

"நான் கண்ணாடியைப் பாக்கல சார். தினம் பாப்பேன். இருபத்திமூணு வருஷமா பாத்தேன். அன்னைக்குப் பாக்கல. அது என் தப்புதான். அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

அடுத்து நான் உள்ளே போனேன். அத்தான் சொன்னதைக் கேட்ட பிறகு, தயார் செய்து வைத்திருந்த பொய்யைச் சொல்ல மனசு வரவில்லை. மானேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"விசில் கொடுக்கறதுக்கு முன்னாடி பின்வாசலைப் பாத்தியா?"

"இல்ல சார்."

"அன்னைக்கு மட்டும் எப்படி விட்டுப்போச்சு?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அன்றைக்கு மட்டுமா? யோசித்துப் பார்த்தேன். பின்வாசலைத் திரும்பிப் பார்த்ததாக ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

"ஆறு வருஷமாவே பாத்ததில்ல சார்" என்றேன்.

மானேஜர் பேனாவை மூடி வைத்தார். எனக்கு இரண்டு மாதம் சஸ்பென்ஷன், அத்தானுக்கு எச்சரிக்கைக் கடிதம். வேலை தப்பியது. ஆனால் பாதிக் கதவுக்கு வெளியே நின்ற அத்தானுக்கும் எல்லாம் கேட்டிருக்கும் அல்லவா?

வீட்டுக்குப் போக டெப்போ வாசல் நிறுத்தத்தில் பயணிகளாக நின்றோம். அத்தான் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆறு வருஷமாவா மாப்ள?"

"ஆமா அத்தான். நீங்க பாக்கறதால எனக்குப் பாக்கணும்னே தோணல."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "சின்னவ வயித்துல இருந்தப்ப, உங்க அக்கா செக்கப்புக்கு நம்ம வண்டிலதான வருவா."

"ஆமா."

"முன்வாசல்ல இடிபடுவான்னு, பின்வாசல் வழியா இறங்குன்னு நான்தான் சொல்வேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "கண்ணாடில எல்லாமே தெரிஞ்சுடாது, ஆனா அங்க உன் தம்பி இருக்கான், அவன் பாத்துப்பான்னு சொல்லி அனுப்புவேன்."

என்னை நம்பவில்லை என்று நான் சண்டை போட்டது இந்த மனுஷனோடு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தத்தில் பத்துப் பேர் பார்க்க, அழுதுவிட்டேன்.