பதினேழாம் குழி

கண்புரை அறுவைக்குப் பிறகு அப்பாவுக்குப் பழைய மூக்குக்கண்ணாடி பொருந்தவில்லை. தேவாலயத்தில் பழைய கண்ணாடிகளைச் சேகரிக்கும் பெட்டி இருக்கிறது, அதில் போட்டுவிடு என்று போன மாதம் என் கையில் கொடுத்தார். அழுக்காகக் கொடுக்கக் கூடாதே என்று கிருமிநாசினியைத் தொட்டுத் துடைத்தேன். துடைக்கும்போதுதான் பார்த்தேன். கண்ணாடியின் இடது காலின் மூட்டில் வெள்ளி நிறத் திருகாணி. வலது காலில் கறுப்புத் திருகாணி. தலையில் கூட்டல் குறி போல வெட்டு.

அந்தக் கறுப்புத் திருகாணியை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன். ஐந்து வாரம் அதைத் தேடியிருக்கிறேன்.

கிருமிநாசினி வாடைக்கு எல்லோருக்கும், ஊரே வீட்டுக்குள் அடைந்திருந்த அந்த நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் நினைவுக்கு வரும். எனக்கு வருவது ஒரு காமெரா. அன்று கையைத் துடைத்த அதே புட்டியிலிருந்துதான் காமெராவையும் துடைத்தேன்.

ஜெலுத்தோங்கில் பதினோராவது மாடி வீடு. அண்ணனுக்குக் குழந்தை பிறந்ததென்று கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவானுக்குப் போன அம்மா, பாலம் தாண்டி வர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். இங்கே அப்பாவும் நானும் மட்டும். சமையலறை ஜன்னலில் நின்றால் அந்தப் பாலம் தெரியும், ஒரு வண்டிகூட இல்லாமல். முன்வாசலிலிருந்து ஜன்னல் வரை பதினான்கு எட்டு. எத்தனை முறை நடந்தாலும் பதினான்குதான், நான் சரிபார்த்திருக்கிறேன். அப்பா காலையில் எத்தனை தடவை இருமுவார் என்பதுகூட எனக்குக் கணக்கு. சிங்கப்பூர் வேலைக்கான கடிதம் கோப்பில் பத்திரமாக இருந்தது. எல்லைதான் மூடிக் கிடந்தது.

மசாலாப் புட்டிகளை நான் அகர வரிசையில் அடுக்கி முடித்த அன்று, அப்பா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே துண்டில் சுற்றிய காமெரா. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில், தேவாலயத்தில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் பிள்ளைகளை வருடாவருடம் அதில்தான் படம் எடுப்பார். விசை இறுகி, ஷட்டர் பாதியில் நின்று பல வருடம் ஆகியிருந்தது.

“சும்மாதான இருக்க, இதைத் திறந்து பாரேன்லா. நீ சிங்கப்பூர் போற அன்னைக்கு இதுல ஒரு படம் எடுக்கணும். இதை முடிச்சிட்டுப் போ.”

சரி என்றேன். அது வாக்கு என்று அப்போது தோன்றவில்லை. வீட்டில் திறக்க அனுமதியுள்ள ஒரே பொருள் கிடைத்ததே என்றிருந்தது.

முப்பது குழி முட்டை அட்டை ஒன்றை எடுத்துக் குழிகளுக்கு எண் போட்டேன். ஒவ்வொரு திருகாணியும் எங்கிருந்து வந்தது, எவ்வளவு நீளம் என்று நோட்டில் குறித்தேன். உள்ளே ஒளி புகாமல் ஒட்டியிருந்த பஞ்சு கறுப்புப் பிசினாக உருகியிருந்தது. பலாப்பால் மாதிரி விரலை விட மாட்டேன் என்றது. எண்ணெய் காய்ந்துபோன ஒரு நெம்புகோல்தான் குற்றவாளி. அதைத் துடைத்து விசையைத் தட்டியபோது, ‘டக்’கென்று ஷட்டர் திறந்து மூடியது. சமையலறையில் அப்பா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

“முடிஞ்சுதா?”

“திரும்ப மாட்டணும்பா. நாளைக்கு முடிஞ்சிரும்.”

அவர் அடுப்புக்குத் திரும்பினார்.

மறுநாள் பதினேழாம் குழி காலி. அதில் இருந்தது நெம்புகோலின் தகட்டைப் பிடிக்கும் இரண்டு திருகாணிகளில் ஒன்று. அது இல்லாவிட்டால் தகடு சாய்ந்து பழையபடி இறுகிவிடும்.

வீட்டைக் கூட்டி, குப்பையைச் சலித்துப் பார்த்தேன். நூலில் காந்தம் கட்டிக் கட்டிலுக்கு அடியில் இழுத்தேன். அப்பாவும் முட்டி போட்டு, கைவிளக்கோடு சோபாவுக்குக் கீழே தேடினார். அந்தத் திருகாணி தாங்கிப் பிடித்த கண்ணாடி வழியாகவே அந்தத் திருகாணியைத் தேடியிருக்கிறார். அதற்கு முந்தின வாரம் முழுக்க அவர் கண்ணாடிக் காலில் ஒட்டுநாடா சுற்றியிருந்தது. கடை திறந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நானே சொல்லியிருந்தேன். ஒட்டுநாடா எப்போது காணாமல் போனது என்று கவனிக்கவில்லை. தொழிற்சாலையில் மயிரிழையைவிட மெல்லிய கீறலைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான்.

பழைய மடிக்கணினியிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றிப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கிருந்து வந்ததென்று தெரியாத பாகத்தை எதிலும் மாட்டக் கூடாது என்பது தொழிற்சாலை விதி. வீட்டில் அந்த விதியைப் போட்டவளும் காப்பாற்றியவளும் நான்தான்.

ஐந்தாவது வாரம் சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்தது. வேலைக்கு வருகிறவர்களை விடுகிறார்கள், கிளம்பலாம். அப்பா படித்துவிட்டு, காமெரா வேலை இன்னும் முடியவில்லையே என்றார்.

“நான் போறது உங்களுக்குப் பிடிக்கல. அதான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கீங்க.”

“உன் ஸ்க்ரூவ வச்சு நான் என்னம்மா பண்ணப் போறேன்?” என்றார். கண்ணாடியைக் கழற்றி, பனியனில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

படம் எடுக்காமலே கிளம்பினேன். கைப்பேசியில்கூட அவர் எடுக்கவில்லை.

இப்போது அப்பாவும் அம்மாவும் அண்ணனோடு பத்து காவானில் இருக்கிறார்கள். புது அடுக்குமாடி, பளபளக்கும் சாலை, நடந்துபோகிற ஆள்தான் கிடையாது. கீழே இறங்கினாலும் எங்கே போவது, எல்லாவற்றுக்கும் காடி வேணும் என்பார் அப்பா. அண்ணன் காரில் கூட்டிப்போனால்தான் தேவாலயம், கடை எல்லாம். போன மாதம் அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரிடம்தான் துடைத்த கண்ணாடியை நீட்டினேன்.

“அப்பா, இது பதினேழு.”

“கடையெல்லாம் பூட்டிக் கெடந்துச்சுலா. டிவியில எத்தன பேருக்கு நோயின்னு போட்டாக்கூடப் படிக்க முடியல.”

“அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ அதைக் காமெராவுல மாட்டிருவல்ல.”

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “எனக்கு அப்பவே தெரியும். போன்ல சொல்லிச் சிரிச்சாரு.”

பிஸ்கட் டின் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. முட்டை அட்டை, நோட்டு, சின்னத் திருப்புளி எல்லாம் நான் வைத்தபடியே. கண்ணாடியிலிருந்து கறுப்புத் திருகாணியைக் கழற்றினேன். காமெராவில் மாட்ட இரண்டு நிமிடம் போதும். சிங்கப்பூர் விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருகாணியைப் பதினேழாம் குழியில் போட்டேன்.

“நேரமாச்சுப்பா. அடுத்த தடவ வந்து மாட்டுறேன்.”

“டின்ன நல்லா மூடி வை,” என்றார். “தொலைஞ்சிடப் போவுது.”

ஜெலுத்தோங் வீட்டை விற்றாயிற்று. வாங்கியவர்கள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்து, ஜன்னல் பக்கம் பெரிய அலமாரிகள் போட்டுவிட்டார்களாம். இப்போது யார் நடந்தாலும் பதினான்கு எட்டு வராது.