மடக்கி வைத்த பச்சை வயர்

போர்டு ஓடியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கிறிஸ்துமஸைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

போர்டு என்பது பன்னிரண்டு எல்.இ.டி. பலகைகள். ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் குறைந்த நீளம், அதில் பாதி உயரம். நான்கு நான்காக மூன்று வரிசை அடுக்கினால் ஒரு சன்னல் அளவுக்கு வரும். என் கணவர் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். பக்கத்தில் மூடிப்போன கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றி எறிந்தபோது அவற்றைக் கேட்டு வாங்கி, பால்மாவு டின்களுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் வைத்துக் கார்கோவில் அனுப்பியிருந்தார். பெட்டி வந்த பத்தாம் நாள் அவரும் லீவில் வந்தார்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு பாலிடெக்னிக்கில் ஒரு வருடம் லேப் எடுத்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் போனேன், மகள் வயிற்றில் வந்ததும் நின்றுவிட்டேன். அவளுக்கு இரண்டரை வயதாகியிருந்த அந்த நவம்பர் கடைசியில், அங்கே என்னோடு வேலை பார்த்த தோழி போன் செய்தாள். ஜனவரியில் ஓர் இடம் காலியாகிறது, உன்னைத்தான் கேட்கிறார்கள், வருடம் முடிவதற்குள் பதில் சொல்லிவிடு என்றாள். போனை வைத்த பிறகு சமையலறையில் நின்று பழைய லேப் நேர அட்டவணையை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை.

நான் கேட்ட நேரம் சரியில்லையோ என்று இப்போதும் தோன்றும். தனியாகக் கேட்டிருக்கலாம். சாப்பாட்டு மேசையில், மாமி மீன்குழம்பு விளம்பிக்கொண்டிருந்தபோது கேட்டேன். கணவர் தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

“அந்தப் பெட்டியில கெடக்க போர்ட ஒத்தைக்கு ஓட்டிக் காட்டு, பாப்போம். பிறகு பாலிடெக்னிக்குக்குப் போலாம்.”

“படிச்ச படிப்பு வீணாப் போவாண்டாம், கேட்டியா” என்றார் மாமி. அது ஆதரவா கேலியா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அதை வாக்காக எடுத்துக்கொண்டேன்.

மகள் பகலில் இரண்டு மணிக்கு உறங்கி நான்கு மணிக்கு எழுவாள். அந்த நேரம்தான் எனக்கு. சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்து, பலகைகளைக் குப்புறப் போட்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பட்டை கேபிளைச் செருகிக்கொண்டே போவேன். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வாய் உள்ளே வாங்க, இன்னொரு வாய் அடுத்ததற்குக் கொடுக்க. வரிசையின் தலைப்பில் ஒரு சிறிய கட்டுப்பாட்டு அட்டை. என்ன படம், எந்த வேகம், எவ்வளவு வெளிச்சம் என்பதைக் கணினியில் தயார்செய்து அந்த அட்டையில் ஏற்ற வேண்டும். அதனோடு வந்த கையேடு சீனமொழியில் இருந்தது. என் கல்லூரிக்காலத்து லேப்டாப் சூடாகிச் சூடாகி நின்றுபோகும். அதன் அடியில் இரண்டு தீப்பெட்டிகளை முட்டுக் கொடுத்திருந்தேன்.

முதல் தடவை ஸ்விட்ச் போட்டபோது, நான் ஏற்றியிருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரம் துண்டு துண்டாக வந்தது. ஒவ்வொரு துண்டும் நேராகத்தான் இருந்தது. வரிசைதான் மாறியிருந்தது, வால் முன்னாலும் தலை பின்னாலுமாக. பின்னாலிருந்து பார்க்கும்போது இடதாக இருப்பது முன்னாலிருந்து வலது. இதை முதல் வருடப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருப்பேன். கணவர் எட்டிப் பார்த்து, “நட்சத்திரத்த ஆரோ வெட்டிப் போட்ருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாக் கேபிள்களையும் பிடுங்கி மறுபடி மாட்ட மூன்று மத்தியானங்கள் ஆயின.

பிறகு வேறொரு கோளாறு. நட்சத்திரத்தை வெள்ளையாக எரியவிட்டால் கடைசிப் பலகைகளில் அது சிவந்து மங்கியது. வெள்ளைக்கு மூன்று நிறமும் முழுதாக எரிய வேண்டும், கரண்டு அதிகம் இழுக்கும். நான் போட்டிருந்த மெல்லிய வயரில் அது கடைசிவரை போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு பலகைக்கும் தனியாகத் தடித்த வயர் கொடுப்பது என்று முடிவுசெய்து, மகளை மாமியிடம் விட்டுவிட்டு மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரரிடம் அளவைச் சொன்னேன். அவர் வயரை எடுக்கவில்லை. “வீட்ல ஆளு வரல்லியா? சாருக்கு ஒரு போன் போட்டு எந்த சைஸ்னு கேட்டுருங்க. வெட்டினா திரும்ப எடுக்க மாட்டோம்” என்றார். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். நான் போனை எடுத்துக் காதில் வைத்தேன். யாரையும் அழைக்கவில்லை. இரண்டு தடவை “ஓ” சொன்னேன், ஒரு தடவை “சரி” சொன்னேன். பிறகு, முதலில் சொன்ன அதே அளவைச் சொன்னேன். உடனே வெட்டித் தந்தார். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது என்று பிற்பாடு நினைத்தேன்.

கடைசியாக எர்த். வீட்டுக் கரண்டை ஐந்து வோல்ட்டாகக் குறைத்துத் தர இரண்டு பவர் சப்ளைப் பெட்டிகள் வைத்திருந்தேன். ஐந்து வோல்ட் யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தப் பெட்டிகளின் உலோகக்கூட்டில் எப்போதும் கொஞ்சம் கரண்டு கசியும். அது பலகைகளைத் தாங்கும் அலுமினியச் சட்டத்துக்கும் வரும். அதைப் பூமிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பச்சை வயர், பிளக்கில் மேலே இருக்கும் மூன்றாவது தடித்த முள். அது இல்லாவிட்டால் சட்டத்தைத் தொடும்போது எறும்பு கடித்தது போலிருக்கும். கால் நனைந்திருந்தால் இன்னும் கூடுதல். இதனால்தான் மூன்று முள் பிளக்கை நானே பூட்டினேன், திருகுகளை இரண்டு தடவை முறுக்கிப் பார்த்தேன். பவர் சப்ளையின் முனைகளைப் பிளாஸ்டிக் டப்பாவால் மூடி டேப் சுற்றினேன். மகளின் விரல் எங்கெல்லாம் போகும் என்று தரையில் உட்கார்ந்து அவள் உயரத்திலிருந்து பார்த்தேன். டிசம்பர் மழைக்குப் பயந்து போர்டை மொட்டைமாடியில் வைக்கவில்லை. வாசலை ஒட்டிய சிட்அவுட் திண்ணையில், ஒரு பெஞ்சின் மேல்.

ஒத்திகை பார்த்த சாயங்காலம், நட்சத்திரம் முழுசாக, வெள்ளையாக, மூலையிலிருந்து மூலைக்கு நகர்ந்தது. பின்னால் குடில் வந்தது, ஆடுகள் வந்தன. முற்றத்தில் ரப்பர் ஷீட் தொங்கிய கயிற்றுக்கு அப்பால், ரோட்டில் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். கணவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு “கொள்ளாமே” என்று மெச்சினார். மேலும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பாலிடெக்னிக் என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. கேரல் முடியட்டும், எல்லாரும் பார்க்கட்டும், அதற்குப் பிறகு கேட்கலாம் என்று விட்டேன்.

எங்கள் சபையில் கேரல் பாட வரும்போதே வாலிபர் சங்கத்தார் வீட்டு அலங்காரங்களையும் பார்த்து மார்க் போடுவார்கள். அன்று ஆறரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் மகளுக்கு உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, சிட்அவுட் சாக்கெட்டில் ஒரு ஸ்பீக்கரின் பிளக் இருந்தது. போர்டின் வயர், நட்சத்திர விளக்குகளுக்குப் போட்டிருந்த எக்ஸ்டென்ஷனில் மாட்டியிருந்தது. அதில் இரண்டு துளைதான். நான் பூட்டிய பிளக்கைக் கணவர் வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முள் பிளக்கைப் பூட்டியிருந்தார். பச்சை வயர் மடக்கி, டேப் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. டேப்பை ஒழுங்காகத்தான் சுற்றியிருந்தார்.

“எர்த் இல்லாம ஓட்டப்பிடாது” என்றேன்.

“இத்தன வருசம் எர்த் வச்சா ஸ்டார் போட்டோம்? ஸ்பீக்கருக்கு வேற பிளக்கு இல்ல. ஒரு மணிக்கூருக்க காரியம், நாளைக்கி மாத்திக்க.”

டெஸ்டரை எடுத்துச் சட்டத்தில் வைத்தேன். மங்கலாக எரிந்தது. அவரும் பார்த்தார். “அது சும்மா” என்றார். அதற்குள் ரோட்டில் டிரம் சத்தம் கேட்டது.

நான் செய்தது இவ்வளவுதான். நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போர்டுக்கு முன்னால் வேலிபோல் வரிசையாகப் போட்டேன். மகளை மாமியின் கையில் கொடுத்தேன். டெஸ்டரை இடுப்பில் செருகிக்கொண்டு கேக் வெட்டப் போனேன்.

பாடி முடித்ததும் மார்க் போட வந்தவர்களில் ஒருவர், இந்த ஊரில் இப்படி ஒன்று பார்த்ததில்லை, யார் செய்தது என்று கேட்டார். நான் தட்டோடு வாசல்படியில் நின்றேன்.

“நம்ம சொந்தமாப் பண்ணினதாக்கும்” என்றார் கணவர். “அங்க கம்பெனில இதெல்லாம் கண்டு பழக்கம் உண்டு.”

அதற்காக நான் கோபப்படவில்லை. நம்ம என்பதில் நானும் உண்டுதானே என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் பார்த்தேன், வயதானவர்கள் உட்கார யாரோ இரண்டு நாற்காலிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். தட்டை வைத்துவிட்டுப் போய்ச் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். தட்டில் ஆறு துண்டு கேக் மீதி இருந்தது. ஆறு பேருக்குக் கொடுக்கிற நேரம்.

மகள் எப்போது மாமியின் மடியிலிருந்து இறங்கினாள் என்று தெரியாது. யாரோ சிந்திய ஆரஞ்சுத் தண்ணீரை வெறுங்காலால் மிதித்துக்கொண்டு, நகரும் நட்சத்திரத்தைப் பிடிக்க இரண்டு கையாலும் சட்டத்தைப் பற்றியிருக்கிறாள். நான் கேட்டது அவளுடைய சத்தம். திரும்பியபோது அவள் பின்னால் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தாள். நாற்காலிக் காலில் வாய் இடித்து உதடு பொட்டி ரத்தம் வந்தது. நான் ஓடிப்போய் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன், பிறகுதான் பிள்ளையைத் தூக்கினேன். படித்தபடி அதுதான் சரி. ஆனால் பிள்ளை அழும்போது பிளக்கிடம் ஓடியவள் என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பாட்டுக்காரர்களில் ஒருவர், எலக்ட்ரிக் வேலை தெரிந்தவர், குனிந்து பார்த்தார். “இதுக்கு வயர் பண்ணினது ஆரு?”

“அவதான்” என்றார் என் கணவர். “எல்லாம் அவதான் பண்ணினா. நான் தொட்டதுகூட இல்ல.”

முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனோம். கரண்டால் ஒன்றும் ஆகவில்லை, பயந்து விழுந்திருக்கிறாள் என்றார் டாக்டர். உதட்டில் ஒரு தையல். திரும்பும்போது பிள்ளை கணவரின் தோளில் உறங்கினாள். என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை. டெஸ்டர் இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் மாமி, பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது எனக்கும் கேட்கட்டும் என்றே சொன்னது. “கரண்டக் கட்டிப் பிடிச்சிட்டு நடந்தா பிள்ளைய ஆரு பாப்பா? ஒரு போர்டுக்கே இந்தப் பாடு. பாலிடெக்னிக்குல போயி நூறு பிள்ளையள மேய்க்கப் போறாளாம்.”

நான் இரண்டு முள் பிளக்கைக் கழற்றி, பச்சை வயரை நிமிர்த்தி, மூன்று முள் பிளக்கைப் பூட்டினேன். டெஸ்டர் எரியவில்லை. சவரம் செய்துகொண்டிருந்தவரிடம் போய், இப்போது எரியவில்லை, வந்து பாருங்கள் என்றேன். பிள்ளை விழுந்த பிறகு அந்த எர்த் வயரைப் பற்றி நாங்கள் ஒரே தடவை பேசியது அப்போதுதான். அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

“அவ்வளவு தெரிஞ்சவ, அப்பவே பிளக்கப் பிடுங்கிப் போட்டிருக்கலாம்லா?”

இதற்குப் பதிலை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். வெட்டியது அவர். ஆனால் டெஸ்டர் எரிந்ததைப் பார்த்தவள் நான். எரிவதன் அர்த்தம் தெரிந்தவளும் நான்தான். ஊர் கூடி நிற்கும் நேரத்தில் கணவரின் கையிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய மனைவி என்ற பேருக்குப் பயந்து நான்கு நாற்காலிகளை நம்பினேன். மார்த்தாண்டத்துக் கடையில் காதில் வைத்த போனும் இந்த நாற்காலிகளும் ஒன்றுதான் என்று பிறகு தோன்றியது.

அவர் வேலைக்குப் போகாதே என்று சொல்லவே இல்லை. வருடத்தின் கடைசி நாள், அவர் அதே அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் தோழிக்குப் போன் செய்தேன். பிள்ளை சின்னவள், இப்போது முடியாது என்றேன். குரல் கேட்கும்படிதான் பேசினேன். ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். புதுவருட ஆராதனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டாம் பரிசு என்று அவருடைய பெயரை வாசித்தார்கள். ஒரு சுவர்க்கடிகாரம். போய் வாங்கினார். அது இப்போதும் சாப்பாட்டு மேசைக்கு மேலே இருக்கிறது.

ஒவ்வொரு டிசம்பரிலும் போர்டை நான்தான் இறக்கி, துடைத்து, மாட்டுகிறேன். ஷார்ஜாவிலிருந்து அவர் போன் வீடியோவில் பார்த்து, “எனக்க வீட்டு போர்டு” என்று அறையில் இருப்பவர்களுக்குக் காட்டுவார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். போர்டுக்கு இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

போன டிசம்பரில் அவள், இது அப்பா பண்ணினதுதானே என்று மாமியிடம் கேட்டாள்.

“அப்பா இல்ல மக்கா. உனக்க அம்மையாக்கும் பண்ணினது” என்றார் மாமி. “அன்னைக்குத்தான் உனக்க வாய் பொட்டினது.”

மகள் உதட்டுத் தழும்பை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பிளக்கைச் செருகினேன்.