நான் கணினியாக இருந்த சனிக்கிழமை

அந்தப் போட்டியில் நான் கணினியாக இருந்தேன். எதிரில் இருப்பவர் தாளில் எந்த இடத்தில் விரலை வைக்கிறார் என்று பார்த்து, அதற்குரிய அடுத்த தாளை எடுத்து வைப்பதுதான் என் வேலை. பேசக்கூடாது, தலையசைக்கவும் கூடாது. கணினி அப்படிச் செய்யாது என்றார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில ஆண்டுகளில் ஒன்று. பதுளையில் ஒரு கணினிப் பயிற்சி நிலையம் நடத்திய போட்டி. ஓர் இணையத்தளத்தின் திரைகள் எப்படி இருக்க வேண்டும் என்று மாதிரி செய்து காட்ட வேண்டும். காலையில் தலைப்பைக் கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் தருவார்கள். உள்ளே எதுவும் இயங்கத் தேவையில்லை. பார்க்கிறவர் வழி தவறாமல் கடைசித் திரைவரை போனால் போதும். கணினிகள் போதாததால் முதல் சுற்றைக் கடதாசியிலேயே வைத்தார்கள். ஒரு தாள் ஒரு திரை. கட்டம் போட்டிருந்தால் அது எழுதும் இடம், நிறம் தீட்டியிருந்தால் அது அழுத்தும் இடம்.

அன்றைய தலைப்பு, பிறப்புச் சான்றிதழின் பிரதிக்கு விண்ணப்பிக்கும் தளம். என்னோடு சேர்ந்தவள் அதே வகுப்பில் படித்தவள். அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த தபால் அதிகாரி. நான் தெமோதரையில் இருந்து ரயிலில் வந்து போகிறவன். அவளுடைய கையெழுத்து அச்சுப் போல இருக்கும். எனக்குக் கோடுகூட நேராக வராது. ஆகவே அவள் வரைந்தாள், நான் வெட்டினேன்.

"எல்லாத்தையும் ஒரே தாளில கேட்டா சனம் வெருண்டிடும். ஒண்டொண்டாக் கேப்பம்" என்றாள் அவள். ஆறு கேள்விகளுக்கு ஆறு தாள்கள், ஏழாவது முடிவுத் தாள்.

பிற்பகலில் ஒவ்வொரு அணிக்கும் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். கணினியைத் தொட்டிராதவராக இருக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு வந்தவர் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். கையில் குடை, தோளில் ஒரு பை. பூனாகலையில் இருந்து வந்ததாக நடுவரிடம் சொன்னார். இதைக் கணினி என்று நினைத்துக்கொண்டு, கேட்பதற்குப் பதில் எழுதச் சொன்னார் நடுவர். பிறகு நேரத்தைக் குறிக்க ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தார். பக்கத்து மேசைகளில் ஆட்கள் தடுமாறினார்கள், சிரித்தார்கள். இவர் நிதானமாக எழுதினார். 'எதற்காகத் தேவை' என்ற ஆறாவது தாளில் எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரம்வரை போனது. 'அனுப்பு' என்று நாங்கள் பச்சை தீட்டியிருந்த இடத்தருகே விரலைக் கொண்டுபோய் நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதத் தொட்டா போயிருமா?"

நான் பேசவில்லை. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தொட்டார். நான் ஏழாவது தாளை வைத்தேன். 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. சான்றிதழ் ஏழு நாட்களில் தபாலில் வரும். நன்றி.' அதை உதடு அசைய இரண்டு தடவை வாசித்தார்.

"நல்லா இருக்கணும் நீங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்கு முதலிடம் கிடைத்தது. "அந்த அம்மா ஓரிடத்திலும் நிற்கவில்லை. முழுதாக நம்பிவிட்டார். நல்ல மாதிரி என்றால் அதுதான்" என்றார் நடுவர். எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, இரண்டாம் சுற்றுக்காக அந்தத் தாள்களைக் கணினியில் வரைய உட்கார்ந்தோம். பென்சில் எழுத்தை அழித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"மற்ற அணிகளின்ர தாள்களில சனம் என்ன எழுதினது?"

"சும்மா ஏதாவது. ஒருத்தர் சினிமா நடிகர் பேர எழுதியிருந்தாரு."

"இவ சும்மா எழுதேல்ல. இஞ்ச பாரும்."

ஆறாவது தாளில் இப்படி இருந்தது: மகளுக்கு அடையாள அட்டை எடுக்க. அது இல்லாமல் பரீட்சை எழுத விடமாட்டார்கள். முப்பதாம் திகதிக்குள் பாடசாலை அதிபர் கேட்கிறார்.

முப்பது, வரும் செவ்வாய்க்கிழமை.

"இவ ஒவ்வொரு நாளும் தபாலைப் பாத்துக்கொண்டு இருப்பா" என்றாள் தபால் அதிகாரியின் மகள்.

மறுநாள் ஞாயிறு. பண்டாரவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பூனாகலைக்கு இன்னொன்று. தேயிலைத் தோட்டத்தின் பெயரும், வரிசை வீடுகளான லயத்தின் இலக்கமும் ஐந்தாவது தாளில் இருந்தன. குழாயடியில் நின்றவர்கள் வீட்டைக் காட்டினார்கள். எங்களைக் கண்டதும் அவர் ஈரக் கையோடு ஓடி வந்தார்.

"வாங்க, வாங்க! கையிலேயே கொண்டாந்துட்டீங்களா?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் அதோடு போய்விட்டன.

"இல்லீங்கக்கா. அது போகலீங்க. அது ஒரு போட்டிங்க. நீங்க எழுதினது எங்க கிட்டயே இருக்கு."

"அப்ப நீங்க அரசாங்கக் கந்தோர் ஆளுங்க இல்லையா?"

"இல்லீங்க."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். "அன்னிக்கு லீவு போட்டுட்டுப் பதுளைக்கு வந்தா கந்தோரு பூட்டிக் கெடக்கு. சனிக்கிழமன்னு எனக்குத் தோணவே இல்ல. வாசல்ல நின்னப்ப ஒரு புள்ள வந்து, பெறப்புப் பத்திரம் எழுதுற எடம் அங்கன இருக்குன்னு கூட்டிட்டுப் போச்சு. ஒங்க கிட்டயும் கேட்டேன்ல, போயிருமான்னு? வாயில என்ன கொழுக்கட்டயா வச்சிருந்தீங்க?"

"அவர் கம்பியூட்டரா இருந்தவர் அக்கா. கதைக்கக் கூடாது" என்றாள் என் தோழி.

"நல்ல கம்பியூட்டரு."

உள்ளே புத்தகத்தோடு நின்ற மகள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து, "தேத்தண்ணி குடிங்க. நாளைக்குக் கந்தோருக்குப் போக எத்தன மணி பஸ்சுக்கு வரணும்?" என்றார்.

மகள் பிறந்தது பதுளை ஆஸ்பத்திரியில். ஆகவே பதிவும் பதுளையில்தான் இருந்தது. திங்கள் காலை மூவரும் பிரதேச செயலகத்தில் நின்றோம். உண்மையான விண்ணப்பம் ஒரே தாள், இரு பக்கமும் நெருக்கமான எழுத்து. அவர் பயப்படவில்லை. பெரும்பாலான கேள்விகளுக்கு ஏற்கனவே ஒரு தடவை பதில் எழுதியவர். ஆனால் பதிவு இலக்கம் என்று ஒன்று இருந்தது. அதை எங்கள் தாள்கள் கேட்கவே இல்லை. அவருக்கும் தெரியவில்லை. இலக்கம் இல்லாவிட்டால் புத்தகங்களில் தேட வேண்டும், வியாழக்கிழமை வாருங்கள் என்றார் எழுதுவினைஞர்.

நான் அவரிடம் சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். கடதாசிக் கணினியையும் ஏழாவது தாளையும் என்னால் வீணான ஒரு வாரத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அதை இன்னொரு தடவை சொல்ல வைத்தார். இருவரும் சிரித்தார்கள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, தானே புத்தக அறைக்குள் போனார். சாப்பாட்டு நேரம் கழிந்து, நீளமான பழைய பதிவேடொன்றை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

மூன்று மணிக்குப் பிரதி கையில் கிடைத்தது. அது சிங்களத்தில் இருந்தது. பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, அதை வாசித்துச் சொல்லச் சொன்னார் அந்தப் பெண். நான் ஒவ்வொரு கட்டமாக வாசித்தேன். பிறந்த திகதி, இடம், பெயர், தகப்பன் பெயர். தாயின் பெயர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த எடத்த இன்னொருக்கா படிங்க."

படித்தேன். அவர் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். பிறகு பிரதியை மகளின் பாடக் கொப்பி ஒன்றுக்குள் மடங்காமல் வைத்து, கொப்பியைப் பைக்குள் வைத்தார். பண்டாரவளை பஸ்சில் உட்கார இடம் கிடைத்தும், பையை மடியில் வைக்காமல் இரு கைகளாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

கொழும்பில் நடந்த இரண்டாம் சுற்றில் எங்களுக்கு மூன்றாமிடம். அதைவிடவும் நினைவில் இருப்பது அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை. பூனாகலைக் கடையொன்றிலிருந்து தோழியின் வீட்டுக்கு மகள் தொலைபேசி எடுத்தாள். அதிபர் அடையாள அட்டை விண்ணப்பங்களைக் கட்டி அனுப்பிவிட்டாராம். அந்தக் கட்டின் மேலே இருந்தது அவளுடையதாம்.