உப்பைக் குறைக்கச் சொன்ன கடிதம்

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் றோசலின். வயிற்றில் பிள்ளை தரித்த நாளிலிருந்து எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தாள். கிளினிக்கில் கொடுத்த தமிழ்த் துண்டுப்பிரசுரத்தை வரி விடாமல் படித்தாள். இரும்புச்சத்துக் குளிசை போட்டால் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்று அதில் இருந்தது. தேயிலைக்குள்ளேயே நின்றுகொண்டு தேத்தண்ணி வேண்டாம் என்கிறவளைப் பார்த்து லயத்து வரிசை வீடுகளே சிரித்தன. அவள் அதற்கெல்லாம் மசியவில்லை.

சிங்களம் மட்டும் அவளுக்கு வராது. அதற்குத்தான் புருஷன் றிச்சர்ட் இருந்தானே. கொழும்புக் கடையில் ஏழு வருஷம் நின்றவன். சிங்களம் அவன் வாயில் தண்ணியாய் ஓடும்.

எட்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பிரஷர் பார்த்த சிங்கள டொக்டரின் முகம் மாறியது. வெளியே நின்ற றிச்சர்டைக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். சிங்களத்தில் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

"என்னங்க சொன்னாரு?"

"பிரஷர் கொஞ்சம் கூடவாம். உப்பக் குறைக்கணுமாம். வேற ஒண்ணுமில்ல புள்ள."

ஞாயிறு காலை தலை வெடித்துவிடும்போல வலித்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பூச்சியாய்ப் பறந்தது. றிச்சர்ட் பேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்றைக்குக் கொட்டகலையில் கிரிக்கெட் ஃபைனல். அவன்தான் தோட்டத்து கேப்டன்.

"பெனடோல் ஒண்ணப் போட்டுட்டுப் படு. பின்னேரம் வந்துருவேன்."

அவன் போனதும் துண்டுப்பிரசுரத்தை எடுத்துப் பார்த்தாள். இந்த இரண்டு அறிகுறியும் அதில் சிவப்பு எழுத்தில் இருந்தன. உடனே மிட்வைஃப் பிரேமினிக்குப் போன் பண்ணினாள்.

"டொக்டர் ஏதாச்சும் எழுதித் தந்தாரா? படம் எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்புங்க."

அனுப்பின கையோடு போன் வந்தது.

"றோசலின், அன்னைக்கே வார்டுல சேரணும்னு எழுதியிருக்காரு! வலிப்பு வரலாம், ரெண்டு உசுருக்கும் ஆபத்துன்னு ஒங்க வீட்டுக்காரருகிட்ட வெளக்கிச் சொன்னதாவும் இருக்கே. அவரு சொல்லலயா?"

இரண்டு நாளாக உப்பில்லாத சோற்றை அவள் விழுங்கியதும், எதிரே உட்கார்ந்து அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததும்தான் றோசலினின் மனசில் வந்தது.

பக்கத்து லயத்துச் செல்லசாமியின் ஆட்டோவில் பிரேமினியே கூட்டிக்கொண்டு போனாள். அன்று மத்தியானமே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

மறுநாள் வந்த றிச்சர்ட், றோசலினுடைய அம்மாவிடம் சொன்னான்: "இவ்வளவு மோசம்னு டொக்டர் சொல்லவே இல்லீங்க அத்தே."

கட்டிலில் கிடந்தபடி றோசலின் கடிதத்தை நீட்டினாள். "வாசிங்க. அம்மாவுக்குக் கேக்குற மாதிரி வாசிங்க."

வாங்கிப் பார்த்தான். மடித்தான். "ரெண்டு நாள்தானேன்னு நெனச்சேன்... நீ வார்டுல கெடந்தா நான் எப்பிடி மேட்சுக்குப் போறது?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிள்ளைக்கு இப்போது ஐந்து மாதம், நன்றாகத் தேறிவிட்டது. றிச்சர்ட் துணி துவைக்கிறான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிகிறான்; நாலு பேர் மெச்சுகிற தகப்பன்தான். கிளினிக்கில் பிள்ளைக்கு ஊசி போடுகிற நாளில் "நானும் வரவா?" என்று கேட்பான். "வேணாங்க" என்பாள். மழை வருகிறது என்று அவன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாலும், வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கிறாள்.