பதினைந்தரை மணித்தியாலம்

பத்து வயதில், எங்கள் மன்னாரிலிருந்து உலகத்தின் எந்த நகரத்துக்கும் எத்தனை மணித்தியாலம் என்று நான் சொல்லுவேன். என்னிடம் ஒரு சின்ன உலக உருண்டை இருந்தது. அதில் நூல் பிடித்து அளந்து, கிலோமீட்டராக்கி, விமானத்தின் வேகம் தொள்ளாயிரம் என்று வைத்துப் பிரித்துவிட்டால் முடிந்தது. ஒருவரும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

மாமாவின் செத்தவீட்டில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள். கனடாவிலிருந்த மாமாவின் ஒரே மகள், என் மச்சாள், விடிய ஏழரைக்கு அழைத்து, இப்போது பிளேன் ஏறப்போகிறேன், நான் வருமட்டும் அப்பாவை எடுக்கவேண்டாம் என்று அழுதுவிட்டு வைத்தாள். எத்தனை மணிக்கு வந்து சேருவாள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சுவாமியாரிடமோ அடக்கப் பூசைக்கு நேரம் சொல்லவேண்டும். மாமி என்னைப் பார்த்தார்.

நான் நூலை எடுத்தேன். டொரொன்டோவிலிருந்து கொழும்பு, பதினாலாயிரம் கிலோமீட்டர். பதினைந்தரை மணித்தியாலம். பிறகு றோட்டால் ஏழு. நாளை விடிய ஆறு மணிக்கு மச்சாள் வாசலில் நிற்பாள்; பூசையை ஒன்பதுக்கு வைக்கலாம் என்று அதையும் நானே சொன்னேன். எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் என்று பெரியப்பா தலையைத் தடவினார்.

மறுநாள் எட்டரையாகியும் ஆளைக் காணவில்லை. அவளுடைய போனும் வேலை செய்யவில்லை. கட்டாரில் வேலைசெய்து திரும்பிய அயல்வீட்டு அண்ணா பந்தலுக்குள் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: கனடாவிலிருந்து பிளேன் நேரே வராதாம், இடையில் இறக்கிவிடுவார்களாம், அடுத்த பிளேனுக்கு ஏழெட்டு மணித்தியாலம் காத்திருக்கவும் வருமாம். எனக்குக் காது சுட்டது. என் நூல் இடையில் எங்கும் நிற்கவில்லையே.

வேண்டுமானால் பின்னேரம் ஐந்துக்கு வைப்போம் என்றார் சுவாமியார். எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். மாமி என்னைக் கேட்டார்.

"சொல்லு பிள்ளை, பொறுத்துப் பாப்பமோ?"

கணக்குப் பிழை என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். பெரியப்பா பக்கத்திலேயே நின்றார்.

"பிளேனைத் தவறவிட்டிருப்பா மாமி. இனி நாளைக்குத்தான் வருவா."

நாளைவரை மாமாவை வைத்திருக்க ஏலாது. பெட்டியை மூடினார்கள்.

மச்சாள் இரண்டரைக்கு வந்தாள். நேரே சேமக்காலைக்குக் கூட்டிப்போனார்கள். குழியை மூடிய மணலில் இரண்டு கையையும் வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். ஒருவரையும் ஏசவில்லை.

பொழுதுபட அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்து, நேரம் கணித்தது நான்தான் என்றேன். மாமி கேட்டபோது சொன்ன மறுமொழியைச் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

மச்சாள் என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"உன்னில பிழையில்லையடி. ஒன்பது வருஷமா வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டனான். போன மாசந்தான் ஊருக்குப் போய்வரக் காட் தந்தவங்கள்."

ஒன்பது வருடம். அதோடு பார்த்தால் நான் பிழைவிட்ட எட்டரை மணித்தியாலம் எவ்வளவு சின்னது என்று மனதுக்குள் பிரித்துப் பார்த்தேன். பெரிய ஆறுதலாக இருந்தது. எழும்பிச் சாப்பிடப் போனேன்.